பெரிய கோப்பு அனுப்பும் சேவை நடத்துவது எப்படி: வடசென்னைக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் போட்டோ லேப், ஆல்பம் டிசைன், ஃபிளெக்ஸ் பிரிண்டிங், துறைமுக கிளியரிங் வேலை செய்பவர்கள் பலர், தங்கள் வாடிக்கையாளர்களுக்காகச் சொந்தமாகவே ஒரு கோப்புப் பரிமாற்றச் சேவை தொடங்குகிறார்கள். அப்போது திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பதில்களில் பாதி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும்: லைன் நடுவில் அறுந்தே தீரும் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கட்ட வேண்டும்.

ஜிமெயில் இருக்கு, வாட்ஸ்அப் இருக்கு, டிரைவ் இருக்கு. தனியா ஒரு சர்வீஸ் எதுக்கு?

ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரைதான் போகும். 12க்கு 36 அங்குல ஆல்பம் ஷீட் ஒன்றை 300 டிபிஐயில் வைத்தால் 10,800 × 3,600 பிக்சல். லேயர் எதுவும் இல்லாமலே அது சுமார் 116 எம்பி. லேயரோடு உள்ள போட்டோஷாப் கோப்பு (பிஎஸ்டி) இன்னும் பல மடங்கு. வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை போகும். அவசரத்தில் போட்டோவாக அனுப்பிவிட்டால் படத்தைச் சுருக்கிவிடும். பிரிண்ட் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும். இலவச கூகுள் கணக்கில் மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. ஒரு கல்யாண டேட்டா வந்ததும் அது நிரம்பிவிடும், நிரம்பினால் மெயில் வருவதே நின்றுபோகும்.

இவை போதுமான அளவுக்குத்தான் உங்கள் வேலை என்றால் தனிச் சேவை வேண்டாம். 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகள், வாரத்தில் பல முறை, பெறுபவர் கணக்கு எதுவும் தொடங்கத் தயாரில்லை என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தால் தொடங்கலாம்.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். 45 ஜிபி ஏத்த அஞ்சு மணி நேரம் ஆகுது. நெட்டுக்காரர் ஏமாத்துறாரா?

பெரும்பாலும் இல்லை. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, கோப்பின் அளவு பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. 45 ஜிபியை இறக்க ஒரு மணி நேரம். ஏற்றும் வேகம் பல பிளான்களில் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. அது 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி, 45 ஜிபிக்கு 18,000 நொடி, அதாவது சரியாக ஐந்து மணி நேரம். 100 எம்பிபிஎஸ்ஸில் 4கே பதிவு செய்யும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு எடுப்பதும் இதே 45 ஜிபிதான்.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: ஜிபியை 8,000-ஆல் பெருக்கி, ஏற்றும் எம்பிபிஎஸ்ஸால் வகுத்தால் நொடி வரும். அளக்கும்போது வைஃபையில் அளக்காதீர்கள். ரவுட்டரில் லேன் கேபிள் போட்டு, மாலை எட்டு மணி வாக்கில் ஒரு தடவையும் காலையில் ஒரு தடவையும் பாருங்கள். புதிதாக இணைப்பு வாங்கும்போது முதல் கேள்வி "ஏத்துற ஸ்பீடு எவ்வளவு?" என்பதாகவே இருக்கட்டும்.

கடையிலேயே ஒரு கம்ப்யூட்டர்ல 8 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டு சர்வர் ஆக்கிட்டா மாசாமாசம் காசு மிச்சம்தானே?

கணக்கில் மிச்சம், நடப்பில் இல்லை. உங்கள் கடையிலிருந்து வாடிக்கையாளர் இறக்கும் வேகம் என்பது உங்கள் லைனின் ஏற்றும் வேகம். மேலே சொன்ன 20 எம்பிபிஎஸ்ஸை ஒரே நேரத்தில் நான்கு பேர் இறக்கினால் ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் கிடைக்கும். பல வீட்டு இணைப்புகளில் தனி ஐபி முகவரியும் (இணையத்தில் உங்கள் விலாச எண்) கிடையாது, வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை நேரடியாக எட்ட முடியாது.

இடத்தின் சிக்கலும் இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் தரைத்தளக் கடையில் கம்ப்யூட்டரைத் தரையில் வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் காட்டிவிட்டது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் உப்புக்காற்று லேன் கேபிளின் முனையைப் பச்சைபிடிக்க வைக்கும். காரணமே தெரியாமல் வேகம் விழும்போது முதலில் அந்த முனையை மாற்றிப் பாருங்கள். கடைக் கம்ப்யூட்டர் வேலைப் பிரதிக்கு நல்லது. வாடிக்கையாளர் இறக்கும் இடம் கிளவுடாக இருக்கட்டும். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் மட்டும் தவறாமல் போடுங்கள்.

எந்தக் கிளவுடு எடுத்தா பில் கையைக் கடிக்காது?

வைத்திருப்பதற்கான விலையை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலில் பில்லைத் தீர்மானிப்பது வெளியே போகும் டேட்டா. ஒரு நாளைக்கு 100 ஜிபி வருகிறது, ஏழு நாள் வைத்து அழிக்கிறீர்கள் என்று வையுங்கள். எப்போதும் 700 ஜிபி இருக்கும். ஒவ்வொரு கோப்பும் சராசரியாக ஒன்றரை தடவை இறக்கப்பட்டால் நாளைக்கு 150 ஜிபி, மாதம் 4,500 ஜிபி வெளியே போகும்.

அமேசானின் கிளவுடு சேமிப்பான எஸ்3-யில், மும்பையிலிருந்து வெளியே போகும் ஜிபிக்கு சுமார் 11 அமெரிக்க சென்ட். மாதம் 100 ஜிபி இலவசம். மீதி 4,400 ஜிபிக்கு 480 டாலர் வாக்கில் வரும். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஆர்2 சேமிப்பில் வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே இல்லை. வைத்திருக்க ஜிபிக்கு மாதம் 1.5 சென்ட், 700 ஜிபிக்குப் பத்தரை டாலர். ஒரே வேலைக்கு இத்தனை வித்தியாசம். தொடங்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் கட்டணப் பக்கத்தை ஒரு முறை திறந்து இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பில் பஞ்சாங்கத்தோடு ஏறி இறங்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண டேட்டா வராது. ஆவணியிலும் தையிலும் முகூர்த்த ஞாயிறுக்கு மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள். ஆடி மாத பில்லை வைத்து ஆண்டுக் கட்டணம் நிர்ணயிக்காதீர்கள். பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே போட்டு வையுங்கள்.

சின்ன ஃபைல் எல்லாம் போகுது. கொஞ்சம் பெருசா ஏத்தினா 413-ன்னு வந்து நின்னுடுது. ஏன்?

வழியில் உள்ள ஏதோ ஒரு கதவு "இவ்வளவு பெரியதை விட மாட்டேன்" என்கிறது. எந்த அளவில் நிற்கிறது என்பதை வைத்தே கதவைக் கண்டுபிடிக்கலாம். 1 எம்பியில் நின்றால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் இயல்பு வரம்பு. 2 எம்பி அல்லது 8 எம்பி தாண்டியதும் கோப்பு காணாமல் போனால் தளம் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் இரண்டு வரம்புகள். அங்கே 413 வராமல் வெறும் வெற்றுக் கோப்பாகவும் வந்து குழப்பும். சரியாக 100 எம்பியில் நின்றால், உங்கள் தளம் கிளவுட்ஃபிளேர் வழியாகப் போகிறது, அதன் இலவசத் திட்ட வரம்பு.

வரம்புகளை ஏற்றிக்கொண்டே போவது தீர்வாகாது. 45 ஜிபியை ஒரே மூச்சில் உங்கள் சர்வர் வழியாக அனுப்பவே கூடாது. பிரவுசரிலிருந்து நேராகக் கிளவுடு சேமிப்புக்கு, துண்டு துண்டாகப் போக வேண்டும். அது அடுத்த பதிலில்.

90 சதவீதம் ஏறினப்புறம் கரண்ட் போச்சு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்குது. இதுக்கு ஒரு வழி இல்லையா?

இருக்கிறது. சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, நான்கு துண்டு வரை ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். எஸ்3 வகைச் சேமிப்பில் இதற்கு மல்டிபார்ட் என்று பெயர். கடைசித் துண்டைத் தவிர மற்றவை 5 எம்பிக்குக் குறையக் கூடாது. மொத்தத் துண்டுகள் 10,000-ஐத் தாண்டக் கூடாது. 5 எம்பி என்று வைத்துவிட்டால் 50 ஜிபி வாக்கில் கணக்குத் தீர்ந்துவிடும். 45 ஜிபி ஒழுங்காகப் போகும், 60 ஜிபி மட்டும் பல மணி நேரம் ஏறிவிட்டுக் கடைசியில் விழும். 16 எம்பி வையுங்கள். 160 ஜிபி வரை தாங்கும். ஆர்2-வில் கடைசியைத் தவிர எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், நடுவில் மாற்ற முடியாது.

ஒரு துண்டு தோற்றால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியைக் கூட்டித் திரும்ப முயல வேண்டும். பக்கம் மூடித் திறந்தால், எந்தெந்தத் துண்டு வந்திருக்கிறது என்று கிளவுடு சேமிப்பைக் கேட்டு, மீதியை மட்டும் அனுப்ப வேண்டும். பிரவுசர் பழைய கோப்பைத் தானாகத் திறக்காது. வாடிக்கையாளரிடம் அதே கோப்பைத் திரும்பத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பெயர், அளவு, கடைசியாக மாற்றிய நேரம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இங்கே மூன்று இடத்தில் கை தவறும். ஏற்றுவதற்கான கையொப்ப இணைப்புகளை (குறித்த நேரம் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள்) தொடக்கத்திலேயே ஒரு மணி நேர ஆயுளோடு மொத்தமாகத் தயாரித்துவிட்டால், ஐந்து மணி நேர ஏற்றத்தில் இரண்டாவது மணியிலிருந்து எல்லாம் 403, அதாவது "அனுமதி இல்லை" ஆகும். துண்டு புறப்படும்போது கையொப்பம் போடுங்கள். சேமிப்பின் கோர்ஸ் அமைப்பில் (வேறு தளத்தின் பக்கம் எதைப் படிக்கலாம் என்ற விதி) ஈடேக் தலைப்பை, அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் சேமிப்பு திருப்பித் தரும் அடையாளத்தை, பிரவுசருக்குக் காட்ட அனுமதிக்காவிட்டால், எல்லாத் துண்டும் ஏறிய பிறகு ஒட்ட முடியாமல் நிற்கும். பாதியில் கைவிடப்பட்ட துண்டுகள் கோப்புப் பட்டியலில் தெரியாது, ஆனால் எஸ்3-யில் அவற்றுக்கும் காசு ஓடும். ஏழு நாளில் அவற்றை அழிக்கும் விதியை முதல் நாளே போடுங்கள்.

போன்ல இருந்து ஏத்தினா பாதியில நின்னு போகுதுன்னு மண்டபத்துல இருந்தே கத்துறாங்க. என்ன பண்றது?

திரை அணைந்ததும் போன் பிரவுசரைத் தூங்க வைக்கிறது. ஐபோனில் வேறு ஆப்புக்குப் போனாலே நிற்கும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு கொன்றுவிடும். ஏற்றம் நடக்கும்வரை திரையை அணையவிடாத வேக் லாக் வசதியைப் பக்கத்தில் சேருங்கள். "முடியும்வரை இந்தப் பக்கத்தை விட்டு வெளியே போகாதீங்க" என்று பெரிய எழுத்தில் தமிழில் போடுங்கள், அதுவே பாதிப் புகாரைக் குறைக்கும். ஐபோன் கேலரியிலிருந்து வீடியோ தேர்ந்தெடுத்தால் சுருங்கிப் போக வாய்ப்புண்டு. முதலில் ஃபைல்ஸ் ஆப்பில் சேமித்து அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இறக்கி முடிச்சாச்சு, ஆனா ஃபைல் திறக்கல. நம்ம மேல தப்பா, அவங்க மேல தப்பா?

ஊகிக்க வேண்டாம், ஷா-256 பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் எந்தக் கோப்புக்கும் கைரேகை போல 64 எழுத்து ரேகை ஒன்று வரும். ஒரு பிட் மாறினாலும் ரேகை முழுதும் மாறும். ஏற்றும் போதே கணக்கிட்டு இறக்கும் பக்கத்தில் காட்டுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையால் பெறுபவரும் கணக்கிடலாம். இரண்டும் ஒன்றென்றால் கோப்பு பத்திரமாகச் சேர்ந்துவிட்டது. மென்பொருள் பதிப்பையோ கோடெக்கையோ (வீடியோவை விரித்துக் காட்டும் நிரல்) பாருங்கள்.

ரேகை வேறாக இருந்தால் முதலில் அளவைப் பாருங்கள். 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தால், நேராகப் பென் டிரைவில் இறக்கியிருக்கிறார்கள், அது ஃபேட்32. அதில் ஒற்றைக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்ய வேண்டும், உள்ளே உள்ளதை எடுத்து வைத்துவிட்டு. ஜிப் கோப்பிலும் இதே சிக்கல் உண்டு. பழைய ஜிப் முறையில் 4 ஜிபியும் 65,535 கோப்புகளும்தான் எல்லை. பெரிதென்றால் ஜிப்64 புரிந்த மென்பொருளால் பிரிக்க வேண்டும்.

"எல்லாத்தையும் ஜிப்பா இறக்கு" என்ற பட்டனை வைக்கும்போது கவனம். அந்த நேரத்தில் சுருக்கிச் சுருக்கி அனுப்பும் ஜிப்புக்கு மொத்த அளவு முன்கூட்டித் தெரியாது. அதனால் அறுந்தால் தொடர முடியாது. ஜேபெக்கும் எம்பி4-உம் ஏற்கெனவே சுருங்கியவை, ஜிப்பால் இன்னும் சுருங்காது. ஆகவே சுருக்காமல் அடுக்கி மட்டும் அனுப்புங்கள். அளவை முன்பே சொல்லலாம், விட்ட இடத்திலிருந்து 206 பதிலோடு ("மீதிப் பகுதி மட்டும்" என்று பொருள்) தொடரவும் விடலாம்.

லிங்க் தெரிஞ்சா யார் வேணா இறக்கிடலாமா?

இறக்கலாம். அதனால் லிங்க்கின் எண் 1051, 1052 என்று வரிசையாக இருக்கவே கூடாது. 128 பிட் தற்செயல் எழுத்துகள், அதாவது 22 எழுத்து நீளமாவது வேண்டும். கிளியரிங் ஏஜென்டுகளின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் சில எம்பிதான், ஆனால் வெளியே போனால் சரக்கின் விலையே போட்டியாளர் கையில். அவற்றுக்குப் பாஸ்வேர்டு கட்டாயம். பாஸ்வேர்டை லிங்க் போன அதே வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் போனில் சொல்லச் சொல்லுங்கள்.

"ஒரு தடவைதான் இறக்கலாம்"னு வச்சேன். அவங்க தொடவே இல்லையாம், லிங்க் முடிஞ்சிருச்சுன்னு வருது. எப்படி?

லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் முன்னோட்டப் படம் காட்டுவதற்காக அந்த முகவரி தானாகத் திறக்கப்படுகிறது. மெயிலில் வைரஸ் பார்க்கும் மென்பொருளும் இதையே செய்யும். முகவரியைத் திறந்தாலே இறக்கம் என்று நீங்கள் எண்ணினால், மனிதர் தொடுமுன் கணக்கு முடிந்துவிடும். லிங்க் ஒரு பக்கத்தை மட்டும் காட்டட்டும். அங்குள்ள பட்டனை அழுத்தினால்தான் இறக்கம் தொடங்கட்டும்.

எண்ணும் முறையிலும் ஒரு சிக்கல். டவுன்லோடு மேனேஜர்கள் ஒரே கோப்பை எட்டு இணைப்பில் இறக்கும், அறுந்து தொடர்ந்தால் இன்னும் கூடும். கோரிக்கைகளை எண்ணாதீர்கள். பட்டன் அழுத்தியதும் ஒரு இறக்கச் சீட்டு கொடுத்து, 24 மணி நேரத்துக்கு அந்தச் சீட்டில் எத்தனை கோரிக்கை வந்தாலும் ஒன்றாகவே கொள்ளுங்கள். சேமிப்பின் கையொப்ப இணைப்புக்கும் அதே ஆயுள் வேண்டும். தொடங்கிய இறக்கம் ஆயுள் முடிந்த பின்னும் ஓடும். ஆனால் நடுவில் அறுந்து தொடர முயன்றால் 403 வரும்.

ஒரே தெருவுல நாலு கஸ்டமர். ஒருத்தர் இறக்கினா மத்தவங்களுக்கு "அதிக கோரிக்கை"ன்னு பிளாக் ஆகுது. ஏன்?

ஐபி முகவரிக்கு இத்தனை கோரிக்கை என்று நீங்கள் வைத்த வரம்புதான் காரணம். மொபைல் நெட்டிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்கின்றன, சிஜிநாட் என்பார்கள். உங்கள் சர்வருக்கு அந்த நாலு கடையும் ஒரே ஆள். இறக்க வரம்பை ஐபிக்கு வைக்காமல் மேலே சொன்ன சீட்டுக்கு வையுங்கள். பாஸ்வேர்டைத் தப்புத்தப்பாகப் போடுவதற்கான வரம்பை லிங்க்குக்கு வையுங்கள். ஐபி வரம்பு கடைசி வேலியாக, மிகத் தாராளமாக இருக்கட்டும்.

தமிழ்ல பேர் வச்ச ஃபைல் இறக்கினா பேர் கட்டம் கட்டமா வருது, சிலது "இல்லை"ன்னே வருது. தமிழ்ல பேர் வைக்கக் கூடாதா?

தாராளமாக வைக்கலாம், சேவைதான் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கட்டம் வருவதற்குக் காரணம், இறக்கும்போது கோப்புக்கு முன்னால் அனுப்பும் தலைப்பில் (ஹெடர்) பெயரை யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை) என்று குறிக்காதது. அந்தத் தலைப்பில் நட்சத்திரக் குறியோடு வரும் பெயர்ப் புலம் இதற்காகவே உள்ளது.

"இல்லை" என்பது நுணுக்கமானது. "கோயில்" என்பதில் உள்ள "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாக. கண்ணுக்கு ஒன்றே, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு பெயர். மேக்கிலிருந்து வரும் பெயர்கள் பிரிந்த வடிவில் வரக்கூடும். கொ, கோ, கௌ வரிசை எல்லாவற்றிலும் இது உண்டு. பெயர் உள்ளே வந்ததும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். சேமிப்பில் கோப்புக்குத் தற்செயல் எண்ணைப் பெயராக வைத்து, உண்மைப் பெயரைத் தரவுத்தளத்தில் தனியே வைப்பது இன்னும் நல்லது.

நீளமும் இடிக்கும். லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட் வரை. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மெய்ப்புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். அதனால் 85 குறிகளுக்குள் பெயர் முடிந்தாக வேண்டும். மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாம் சேர்ந்தால் தாண்டிவிடும்.

லிங்க் ஒட்டினா கிளவுடே இறக்கி வச்சுக்கிற வசதி வைக்கலாமா? வீட்டு நெட் மிச்சமாகுமே.

வைக்கலாம், நல்ல வசதி. மும்பையிலிருந்து எடிட்டர் அனுப்பிய 80 ஜிபியை முதலில் சர்வர் வாங்கி வைத்துக்கொள்ளும்; வாடிக்கையாளர் இரவில் மெதுவாக இறக்கிக்கொள்வார். ஆனால் முன்பின் தெரியாதவர் கொடுத்த முகவரிக்கு உங்கள் சர்வரையே அனுப்புகிறீர்கள். 169.254.169.254 என்பது பல கிளவுடுகளில் சர்வரின் அந்தரங்கச் சாவிகள் கிடைக்கும் உள் முகவரி. அதை ஒருவர் ஒட்டினால் உங்கள் சாவியை நீங்களே கோப்பாக்கி அவர் கையில் கொடுத்துவிடுவீர்கள்.

127, 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை, 169.254 ஆகிய உள் முகவரி வரிசைகளையும், புதிய நீள வகை ஐபியான ஐபிவி6-இல் அவற்றுக்கு இணையானவற்றையும் தடுக்க வேண்டும். பெயரைப் பார்த்துத் தடுத்தால் போதாது. பெயர் எந்த ஐபிக்குப் போகிறதோ அதைச் சோதித்து, சோதித்த அதே ஐபிக்கே இணைய வேண்டும். வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பச் சோதிக்க வேண்டும். இறக்கும் வேலையைச் சாவி எதுவும் இல்லாத தனிச் சிறிய சர்வரில் வையுங்கள். ஒரு கோப்புக்கு உச்ச அளவும் நேர வரம்பும் போடுங்கள், அனுப்புபவர் அளவைச் சொல்லாமலே முடிவில்லாமல் அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

புதுப்படம் வச்சுக்கிறேன்னு ஒருத்தர் நல்ல காசு தர்றார். நமக்கென்ன, அவர் ஃபைல்தானே?

வேண்டாம். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தில் திருட்டுப் பதிவுக்கும் பரப்புதலுக்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இடைத்தரகருக்கு (பிறர் கோப்பை வைத்துக் கடத்துபவருக்கு) பாதுகாப்பு தருகிறது என்பது உண்மைதான். ஆனால் தெரிந்தே வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது. "நல்ல காசு" வாங்கிய கணக்கே தெரிந்து செய்ததற்குச் சாட்சி. டோரண்ட் இறக்கும் வசதியையும் இதே காரணத்துக்காகச் சேர்க்காதீர்கள்.

உரிமையாளரிடமிருந்து எழுத்தில் புகார் வந்தால் பதிப்புரிமை விதிகள், 2013-இன்படி 36 மணி நேரத்துக்குள் அந்த லிங்க்கை நிறுத்த வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும் பக்கத்தில் தெரியும்படி இருக்க வேண்டும். சிறு கடை என்றால் உரிமையாளரே அந்த அலுவலராக இருக்கலாம்.

திடீர்னு சைட்டைத் திறந்தா சிவப்பா "ஆபத்தான தளம்"னு காட்டுது. நான் ஒண்ணும் பண்ணலையே?

யாரோ உங்கள் லிங்க்கில் கெட்ட கோப்பு வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு) மோசடி இந்தத் தொழிலுக்கு மிக அருகில் இருப்பது; கல்யாண வேலை செய்யும் தளத்திலிருந்து வந்தால் மக்கள் நம்பித் திறப்பார்கள். ஏபிகே, இஎக்ஸ்இ போன்றவற்றை ஏற்றவே விடாதீர்கள், ஜிப்புக்குள்ளும் பாருங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை எந்த வைரஸ் மென்பொருளாலும் திறந்து பார்க்க முடியாது, அதைப் பெறுபவருக்கு எச்சரிக்கையாகக் காட்டுங்கள். கிளாம்ஏவி என்ற இலவச வைரஸ் மென்பொருள் பெரிய கோப்புகளை இயல்பாகவே பார்க்காமல் விட்டுவிடும். "சோதித்தோம்" என்று போடும் முன் அதன் அளவு வரம்பைச் சரிபாருங்கள்.

கோப்புகளை முதன்மைத் தளத்திலிருந்து கொடுக்காமல் தனி டொமைனிலிருந்து கொடுங்கள். எச்டிஎம்எல் (இணையப் பக்கக் கோப்பு) எதுவும் பிரவுசருக்குள் திறக்காமல் கோப்பாகவே இறங்கட்டும். அப்போது தடை வந்தாலும் கடைப் பக்கம் தப்பும். வந்துவிட்டால் கோப்பை நீக்கி, கூகுள் சர்ச் கன்சோலில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் மறுபரிசீலனை கேளுங்கள்.

ஏழு நாள்ல அழிஞ்சிடும்னு சொல்லியும் பத்தாவது நாள் வந்து கேக்குறாங்க. கொஞ்ச நாள் கூட வச்சா என்ன?

கூட வைத்தால் மக்கள் அதையே பேக்கப் என்று நினைத்து கேமரா கார்டை அழித்துவிடுவார்கள். இது இரண்டு ஊருக்கு நடுவே கோப்பைக் கடத்தும் இடம், பெட்டகம் இல்லை. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் "இன்னும் யாரும் இறக்கவில்லை" என்று அனுப்பியவருக்குச் செய்தி அனுப்புங்கள். ஏழாம் நாள் லிங்க்கை மூடி, மூன்று நாள் உள்ளே மறைவாக வைத்து, பிறகு உண்மையாகவே அழியுங்கள். நாட்களை நீட்டிப்பதைக் கட்டண வசதியாக வைக்கலாம்.

யார்கிட்ட காசு வாங்கணும்? ஜிஎஸ்டி வேணுமா?

அனுப்புபவரிடம் மட்டும். பெண் வீட்டார் தங்கள் கல்யாணப் படத்தை இறக்கக் காசு கேட்டால் புகைப்படக்காரரின் பெயர்தான் கெடும். மாதக் கட்டணமும் ஜிபி வரம்பும் சேர்த்து வையுங்கள். வரம்பை இறக்கத்துக்கு வைக்காமல் ஏற்றத்துக்கு வைத்தால் வாடிக்கையாளருக்குப் புரியும். யுபிஐ ஆட்டோபே 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் கேட்காமல் எடுக்கும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், இந்தச் சேவைக்கு 18 சதவீதம். வெளிநாட்டுக் கிளவுடுக்கு நேரடியாக டாலரில் கட்டினால் அந்த வரி உங்கள் மேல் திரும்பும் விதி உண்டு. தொடங்கும் முன்பே கணக்காளரிடம் இதை மட்டும் தனியாகக் கேளுங்கள்.

ஸ்டேஷன்ல இருந்து போன். "இந்த லிங்க்கை யார் ஏத்தினது, உடனே சொல்லு"ங்கறாங்க. என்ன பண்ணணும்?

போனில் எதையும் சொல்லாமல், மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-ஆம் பிரிவின்கீழ் ஆவணம் கோரி அறிவிப்பு தருவதுதான் முறை. போலீஸ் என்று சொல்லி ஏமாற்றுபவர்களும் உண்டு. அந்த அறிவிப்பு வரும்வரை கோப்பையும் பதிவுகளையும் அழியாமல் தனியே எடுத்து வையுங்கள். ஏழு நாள் விதி தானாக ஓடி அழித்துவிடக் கூடாது. அந்தரங்கப் படம் அல்லது குழந்தைகள் தொடர்பானது என்று தெரிந்தால் லிங்க்கை அந்த நிமிடமே நிறுத்துங்கள், அதற்கு எந்தக் காகிதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

கொடுக்க உங்களிடம் பதிவு இருக்க வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வர் கடிகாரம் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். உங்கள் தளத்துக்குள்ளேயே யாராவது ஊடுருவினால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். ஐபி முகவரியை மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. மேலே சொன்ன சிஜிநாட்டால் ஒரே ஐபியின் பின்னால் நூறு வீடுகள் இருக்கலாம். போர்ட் எண்ணும் (ஒரே ஐபிக்குள் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) நொடி வரை நேரமும் இருந்தால்தான் இணைப்பு நிறுவனத்தால் ஆளைப் பிரித்துச் சொல்ல முடியும். பல சர்வர்கள் இயல்பாகப் போர்ட் எண்ணைப் பதிவதில்லை, பதிவு வடிவத்தில் நீங்களே சேர்க்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் கோப்பின் ரேகை எண் குறிப்பிட வேண்டும். ஏற்றும்போதே ஷா-256 கணக்கிட்டு வைத்திருந்தால் அதையே எழுதலாம். கொடுத்தவற்றின் பட்டியலில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி, ஒரு பிரதியைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.